மீன் வெட்டக் கம்பஸ் போனவனுக்கு

மனே,

நீ இப்ப காத்தான்குடியில நிக்கிறாய். ஐஸ் பெட்டி, தராசு, கத்தி, பலகை எல்லாத்தையும் உன்னோட மீன் யாவாரம் செய்ற றிஸ்வானிட்ட ஒப்படைச்சிப்போட்டு வாறன் எண்டு சொல்லி ஓட்டோ பிடிச்சுப் போனாய். நாளைக்குத் திங்கக்கிழம. காலத்தால கந்தோருக்குப் போய் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைய ஏற்கப் போறாய். அந்த வேலை உனக்குக் கிடைக்க வேணும் எண்டு நான் கோயிலுக்கு வைக்காத நேத்தி இல்ல. இந்த ஊரில ஒரு அம்மாவுக்கு இதவிட என்ன வேணும் சொல்லு? ஆனா நேத்துச் சோத்தக் குழைச்சுக்கொண்டே, தலைய நிமித்தாம, "சரிம்மா, நான் போய் வேலைய ஏற்கிறன், மீன் வேலைய விட்டுர்றன்" எண்டு நீ சொன்ன நேரம் எனக்குச் சந்தோசம் வரல்ல. அது ஏன் எண்டு உனக்குச் சொல்ல வேணும். முகத்தப் பாத்துக் கதைக்க என்னால ஏலாது. கதைச்சா ரெண்டு வசனத்துக்குள்ள நான் ஏசத் துவங்குவன், நீ செருப்பப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிருவாய். எங்கட ரெண்டு பேரிட குணம் அப்புடி. அதனாலதான் கடுதாசியில எழுதுறன். மருத்துவிச்சி வேலையில நான் எழுதினதெல்லாம் புள்ளைகளிட நிறையும் தடுப்பூசித் திகதியும்தான், இலக்கணமா எழுத எனக்கு வராது, கதைக்கிற மாதிரியேதான் எழுதுவன். நீ வாசிச்ச பொறகு மத்த ஆக்களுக்கும் காட்டு. பல்கலைக்கழகக் கம்பசில புள்ளைகள விட்டுப்போட்டு, அரசாங்க நியமனம் எப்ப வரும் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற அத்தின அம்மாமாரும் இத வாசிக்கட்டும்.

எங்கட வீட்டப் பத்தி உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. நான் மருத்துவிச்சி, அப்பா தபால் கந்தோர். ரெண்டு பென்சன்காரர் வளத்த புள்ள நீ. இந்த வீட்டில ஆரும் ஒரு சாமானக் கூட வித்ததில்ல. விக்கத் தெரியாது எண்டும் சொல்ல ஏலாது, விக்க வெக்கம். கிணத்தடி மாமரம் ஒரு வருசம் கொப்பு முறியக் காய்ச்சிச்சே, ஞாபகம் இருக்கா? சந்தையில கடை வச்சிருக்கிற ஒரு ஆள் வீடு தேடி வந்து, மரத்த அப்புடியே விலைக்குத் தாங்க எண்டு கேட்டார். அப்பாக்கு வந்திச்சே ஒரு கோபம்! "நாங்க என்ன மாங்காய் விக்கிற ஆக்களா?" எண்டு அந்த ஆளக் கேற்றுக்கு வெளியால அனுப்பிப்போட்டு, அவ்வளவு மாங்காயையும் வாளியில அள்ளி வீடு வீடாச் சும்மா குடுத்தார். வாங்கி முடிஞ்ச ஆக்களுக்கும் திரும்பக் குடுத்தார். கடைசியில எங்கட றோட்டில மாங்காய் வாளியக் கண்டா ஆக்கள் கதவச் சாத்தினாங்க. மிச்சமெல்லாம் மரத்துக்குக் கீழ கிடந்து அழுகி, நாலு வீட்டுக்கு ஈ மொச்சிச்சு. அப்பவும் எங்களுக்கு நாங்க பெரிய கௌரவமான ஆக்கள் எண்ட நினைப்பு. அந்த வீட்டில இருந்து நீ எப்புடி வந்தாய் எண்டு நான் இப்பவும் யோசிக்கிறதுதான்.

கம்பசுக்குப் போய் முதல் ரெண்டு வருசமும் நீ எங்கட புள்ளையாத்தான் இருந்தாய். முகாமைத்துவம் படிச்சாய் எண்டு பேர், கையில எப்பவும் இருந்தது போட்டிப் பரீட்சைப் புத்தகம். கிளாக் சோதினை, ஆசிரியர் சோதினை, சுங்கச் சோதினை, எதில பூந்தாலும் சரி எண்டுதான் திரிஞ்சாய். மூண்டாம் வருசம்தான் அந்தப் பாடம் வந்திச்சு. தொழில் முயற்சியாண்மை. பேர நீ முதல் தரம் சொன்னப்போ எனக்கு வாயில நுழையல்ல, இதென்ன கஷ்டகாலம் எண்டு கேட்டன். "யாவாரம் துவங்குறது எப்புடி எண்டு படிப்பிக்கிறாங்க அம்மா" எண்டாய். அதுக்கும் ஒரு படிப்பா, யாவாரிட மகன் அதப் படிக்காமலே செய்றானே எண்டு நான் சிரிச்சன். நீயும் சிரிச்சாய். சும்மா பாஸ் பண்ண வேண்டிய பாடம் எண்டுதான் நீயும் நினைச்சாய். ஆனா உங்கட லெக்சரர் மிஸ் விடுற ஆளில்ல. கடுதாசியில திட்டம் எழுதித் தந்தா நான் வாசிக்க மாட்டன், குழுவாச் சேந்து உண்மையா ஒரு யாவாரத்த நடத்திக் காட்டுங்க, உண்மையான ஆக்கள் உண்மையா வாங்க வேணும் எண்டிட்டா. அண்டைக்கு நீ வீட்ட வந்து முகத்தத் தூக்கி வச்சுக்கொண்டு இருந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அதுக்கு மறுகாதான் நீ மாறத் துவங்கினாய். முதல் கிழமை, மீன் விக்கலாம் எண்டு சொன்னாய். விடியக்குள்ள வாவியில தோணி வந்து அடையிற இடத்தில வாங்கி, வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறது. அத மிஸ்ஸிட்டச் சொன்னதுக்கு, "ஆக்களுக்கு இது தேவையா எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? போய்க் கேட்டுக்கொண்டு வாங்க" எண்டிருக்கிறா. நீ என்னக் கெஞ்சினாய். "அம்மா, உங்கள எல்லா வீட்டிலயும் தெரியும், என்னோட வாங்க." சரி எண்டு குடையையும் தூக்கிக்கொண்டு வந்தன். நான் பிறப்பிச்ச புள்ளைகள் ஓடித் திரியிற வீடுகள் எல்லாம் ஏறி இறங்கினம். டீச்சர்மார், மாவட்டக் கச்சேரிக் கந்தோரில வேலை செய்றவங்க, பேங்கில இருக்கிறவங்க. என்னக் கண்டோண்ண தேத்தண்ணி போட எழும்பினாங்க, நீ கொப்பியத் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்டாய். நான் உனக்குப் பக்கத்தில இருந்து, இவன் நல்லாப் பேச வேணுமே எண்டு பயந்துகொண்டிருந்தன். ஆனா நீ பேசவே இல்ல மனே. கேட்டுக்கொண்டு இருந்தாய். "மீன் வாங்குறதில என்ன கரைச்சல்?" எண்டு ஒண்டக் கேப்பாய், பொறகு வாய மூடிக்கொண்டு இருப்பாய். அவங்க கதைச்சுக் கதைச்சுக் கடைசியில ஒரு கதை சொல்லுவாங்க. மீன் வாசலுக்கே வருது தம்பி, சைக்கிள்ல வருது, அது பிரச்சினை இல்ல. அத ஆர் செதிள் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டு, கை மணக்க மணக்க பஸ்ஸுக்கு ஓடுறது? பத்து வீட்டில எட்டு வீட்டில இதே கதைதான். நான் இத்தின வருசம் அதே வீடுகளுக்குப் போய் வந்தனான். தாய்மாரிட கையப் பாத்திருக்கிறன், முள்ளுக் குத்தின காயத்துக்கு மருந்தும் போட்டிருக்கிறன். இது ஒரு ஆளிட தேவை, இதில ஒரு தொழில் இருக்கு எண்டு எனக்கு ஒரு நாளும் தோணல்ல. உனக்குத் தோணிச்சு. உன்ட மூளை பெரிசு எண்டதால எண்டு நான் நினைக்கல்ல, உன்னக் கேக்கப் பழக்கிட்டாங்க. படிப்பு எண்டா இதுதான் எண்டு அண்டைக்கு மனசுக்குள்ள நினைச்சன். உனக்குச் சொல்லல்ல, சொன்னா மண்டைக்கனம் வரும் எண்டு.

இப்புடித்தான் துப்புரவாக்கின மீனக் கறிச் சட்டிக்கு நேரா வாசலுக்குக் கொண்டுபோற யாவாரம் துவங்கிச்சு. எங்கட பின்வளவில பலகை போட்டாய். வாவிக்கரையில இருக்கிற புனிதமக்காவையும் அவட சகோதரியையும் சம்பளத்துக்குக் கூப்பிட்டாய். அவங்க வாற வரைக்கும் நீயே குந்தியிருந்து வெட்டினாய். முதல் நாள் நீ வெட்டின திரளி மீனப் பாக்க வேணுமே, பாவம், அது ரெண்டாந் தரம் செத்த மாதிரிக் கிடந்திச்சு. கையெல்லாம் பிளாஸ்டர். அப்பா பேப்பரால முகத்த மூடிக்கொண்டு முன் வாசல்லயே இருந்தார், பின்பக்கம் எட்டிப் பாக்கிறதே இல்ல. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால தலைய நீட்டி, "ஏன் கா, மகன் மீன் வெட்டப் படிக்கிறதுக்கா கம்பஸ் போனவன்?" எண்டு கேட்டா. எனக்கு உயிர் போன மாதிரி இருந்திச்சு. நீ நிமிந்து பாத்துச் சிரிச்சிக்கொண்டு, "ஓம் மாமி, நாளைக்கு உங்களுக்கு இறால் உரிச்சுத் தரட்டா?" எண்டாய். மாமி இறால் எண்டா விடுவாவா? அடுத்த நாள்ல இருந்து அவதான் உன்ட முதல் நிரந்தர வாடிக்கை. அந்தச் சிரிப்ப நீ எங்க படிச்சாய்? அப்பாட்ட இருந்தும் இல்ல, என்னட்ட இருந்தும் இல்ல. எனக்கு ஆரும் ஒண்டு சொன்னா ஒரு மாசத்துக்கு மனசுக்குள்ள போட்டு அரைப்பன்.

மறுகா வைகாசி வந்திச்சு. அந்தக் கதைய நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு குலுங்கச் சிரிப்பு வரும், அண்டைக்கு அழுகைதான் வந்திச்சு. நீங்க அஞ்சு பேரும் சுவரில பெரிய கடுதாசி ஒட்டி, மாசா மாசம் ஓடர் எப்புடிக் கூடும் எண்டு கோடு கீறி வச்சிருந்தீங்க. கோடு மேல மேல போகுது. வைகாசிக்கு இன்னும் மேல. அந்தக் கோட்ட நம்பி வாவியில மீன் நல்லாப் பட்ட நேரமாப் பாத்து, முன்கூட்டியே வாங்கி, பெட்டி பெட்டியா ஐஸ் போட்டு நிரப்பியாச்சு. அதே கிழமைதான் கண்ணகை அம்மன் கோயில்ல வருசச் சடங்குக்குக் கதவு திறக்கிறாங்க. நான் மீன் சமைக்கிற மச்சச் சட்டியெல்லாம் கழுவிக் கவிட்டு, அடுப்படிய மஞ்சள் தண்ணி தெளிச்சுத் துப்புரவாக்கிப் போட்டன். நீயும் விரதம். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிண்டாய். வந்து நிண்ட இடம் மீன் பெட்டிக்குப் பக்கத்தில! அப்பதான் போன் அடிக்கத் துவங்கிச்சு. "தம்பி, கதவு திறந்தாச்சு, கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும் வரைக்கும் எங்களுக்கு வேணாம்." ஒரு வீடு, அடுத்த வீடு, அதுக்கு அடுத்த வீடு. ஊரே மரக்கறி. உன்னப் போலத்தானே எல்லாரும்? பிறந்த நாள் துவங்கி இந்தச் சடங்குக்கு விரதம் புடிக்கிற புள்ளைகள் நாலு பேர் சேந்து, அந்தச் சடங்குக் கிழமைக்கு மீன வாங்கி அடுக்கி வச்சிருக்கிறீங்களே, உங்கள என்ன சொல்ல! எனக்கும் கூடப் புத்தி போகல்ல. சட்டி கழுவின கையாலதான் உனக்கு ஐஸ் எடுத்துத் தந்தன்.

நீ வாசல் குந்தில இருந்து தலையில கை வச்சிட்டாய். மத்தப் புள்ளைகள் ஒவ்வொண்டா வீட்ட போயிட்டாங்க. அப்பதான் றிஸ்வான் மோட்டச்சைக்கிள்ல வந்தான். உங்கட குழுவில அவன் ஒருவன்தான் காத்தான்குடி முஸ்லிம் புள்ள. பெட்டியளப் பாத்தான், உன்ட நெத்தியப் பாத்தான், மறுகா சிரிக்கத் துவங்கினான், நிப்பாட்ட ஏலாமச் சிரிச்சான். "மச்சான், உங்கட கோயில் கதவு திறந்தா மீன் மலியும் எண்டு எங்கட உம்மாக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?" எண்டான். நீயும் சிரிச்சிட்டாய். பொறகு நீங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கல்ல. அவன் உம்மாக்குப் போன் எடுத்தான், உம்மா அவட சகோதரிமாருக்கு எடுத்தா, சாச்சி, மாமி, பக்கத்து வீடு எண்டு கதை பரவி, பின்னேரத்துக்குள்ள பெட்டி எல்லாம் காத்தான்குடிக்குப் போயிற்று. துப்புரவாக்கின மீன் வாசலுக்கு வருது எண்டா அந்த வீட்டுப் பொம்புளைகளுக்கும் அது தேவைதானே. அண்டைக்குத் துவங்கின அந்த வாடிக்கைதான் இண்டைக்கு உங்கட பாதி யாவாரம். நோன்பு மாசத்தில அங்க காலத்தால வேணாம், பின்னேரம் வேணும். எங்கட பக்கம் வெள்ளி செவ்வாய் வேணாம். ஒருத்தர் நிப்பாட்டுற நாளில மத்தவர் வாங்குறார். இத நீங்க ரெண்டு பேரும் கலண்டரில சிவப்பும் பச்சையுமாக் குறிச்சிக்கொண்டு இருந்த நேரம், நான் தேத்தண்ணி கொண்டு வந்து வச்சிப்போட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிண்டன். சண்டைக் காலத்தில இந்த ரெண்டு ஊருக்கும் இடையில என்னென்ன பகை ஓடிச்சு எண்டு எங்கட வயசு ஆக்களுக்குத் தெரியும். நீங்க அதப் பத்தி ஒண்டும் கதைக்கல்ல, கணவாய் எத்தின மணிக்குப் போக வேணும் எண்டு கதைச்சீங்க. எனக்குக் கண் கலங்கிட்டு.

கடைசியில உங்கட கம்பசில எல்லாக் குழுவும் மேடையில ஏறிச் சொல்ற நாளுக்கு, வாடிக்கைக்காரரையும் கூப்பிட்டிருந்தீங்க. நானும் பக்கத்து வீட்டு மாமியும் போய்ப் பின்னுக்கு இருந்தம். மத்தக் குழுக்கள் எல்லாம் கோட் போட்டுக்கொண்டு வெற்றிக் கதை சொன்னாங்க. நீ ஏறினோண்ண முதல் வசனமே, "நான் விரதம் இருந்துகொண்டு மீன் வாங்கினனான்" எண்டாய். மண்டபம் கொல்லெண்டு சிரிச்சிச்சு. நீ நிண்டு, சிரிப்பு அடங்கும் வரைக்கும் பாத்து, மறுகா சொன்னாய்: "எங்கட திட்டத்தில மழை இருந்திச்சு, டீசல் விலை இருந்திச்சு, போட்டிக் கடை இருந்திச்சு. எங்கட ஊர் இருக்கல்ல." ஒருத்தரும் சிரிக்கல்ல பொறகு. நான் உன்னப் பெத்த நாளில கூட அவ்வளவு பெருமைப்படல்ல மனே. பிழைய மறைச்சு நல்ல பேர் எடுக்கிற ஊரில, ஆயிரம் பேருக்கு முன்னால பிழையத் தூக்கிப் பிடிச்சுக் காட்டுறதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! என்னட்ட இல்ல அது.

இவ்வளவு பெருமைப்பட்டும் நான் என்ன செஞ்சன் தெரியுமா? இத உனக்கு இண்டைக்குத்தான் சொல்றன். பட்டம் கிடைச்சு, நீ நியமனத்துக்குப் பேர் பதிஞ்சதோட நிண்டு, வேற வேலை ஒண்டுக்கும் போடாம மீன் பெட்டியோட திரியிறாய் எண்டோண்ண, நான் உனக்குத் தெரியாம உங்கட மிஸ்ஸத் தேடிக் கம்பசுக்குப் போனன். சண்டை புடிக்கத்தான் போனன். "என்ட புள்ளைக்கு நீங்க என்னத்தப் படிப்பிச்சு வச்சிருக்கிறீங்க? ஒழுங்கா உத்தியோகம் பாக்க வேண்டிய புள்ள!" எண்டு கேட்டன். அவ கோவிக்கல்ல. கதிரையில இருத்தித் தண்ணி தந்துபோட்டுச் சொன்னா: "அம்மா, பாடம் துவங்குற நாளில ஆருக்குச் சொந்தமாத் தொழில் செய்ய விருப்பம் எண்டு கேப்பன். அங்க இங்க ரெண்டு கை. பாடம் முடியக்குள்ள கேட்டா வகுப்பில பாதிக் கை மேல நிக்கும். உண்மையான விருப்பம்தான் அது, நான் கண்ணால காணுறன். ஆனா நியமனம் குடுக்கப் போறாங்க எண்டு ஒரு கதை வந்தாப் போதும். வீட்ட போய்ட்டு வருவாங்க, ஒரு கையும் இருக்காது. வகுப்பில தூக்கின கைய வீட்டில இறக்கிப்போட்டுத்தான் அனுப்புறாங்க." நான் எழும்பி வந்துட்டன். பஸ்ஸில வரக்குள்ள மனசுக்குள்ள அவவோட சண்டை போட்டுக்கொண்டே வந்தன். பென்சன் இல்லாத சீவியத்தப் பத்தி அவவுக்கு என்ன தெரியும், அவவுக்கு மாசா மாசம் சம்பளம் வருது எண்டு நினைச்சன். அது உண்மைதான், இப்பவும் அப்புடித்தான் நினைக்கிறன். ஆனா அவ சொன்னதும் உண்மை. உங்கட குழுவில ஒருத்தன் கட்டார் நாட்டுக்குப் போயிட்டான், மத்த ரெண்டு பேரும் கந்தோருக்குள்ள. நீயும் றிஸ்வானும்தான் மிச்சம்.

கலியாணம் பேசின கதை உனக்குப் பாதிதான் தெரியும். கல்லடியில தர்சினியப் பாத்து வந்து, பொண்ணு எனக்கும் அப்பாக்கும் புடிச்சு, உனக்கு எங்களவிடப் புடிச்சு. டீச்சர், நல்ல குணம், வெல்லாவெளிக்கு விடியவே பஸ் ஏறிப் போய்ப் படிப்பிக்கிற புள்ள. அவட அப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அவர் கட்டின வீடு எங்கட முறைப்படி மகளுக்கு. நீ அங்க போய் இருக்கப் போறாய். இங்க ஆம்புளப் புள்ளையப் பெத்தவளுக்கு அது தெரிஞ்ச விசயம்தான், அண்டைக்கே மனசத் தேத்திக்கொண்டன். அதிபர் கேட்டார், "தம்பி என்ன செய்றார்?" எண்டு. உன்னக் கேட்டிருந்தா நீ மீன் எண்டு சொல்லியிருப்பாய். என்னட்டக் கேட்டார். நான் சொன்னன், "நியமனப் பட்டியல்ல பேர் இருக்கு அண்ணன், இப்ப சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு சின்ன யாவாரம்." பொழுதுபோக்காம்! விடியக்குள்ள எழும்பித் தோணிக்கு ஓடுறவனப் பாத்து நான் சொன்ன சொல். நியமனம் வந்திச்சு. நீ போக மாட்டன் எண்டாய். அந்தக் கதை கல்லடிக்குப் போய், அதிபர் போன புதன்கிழம எங்களக் கூப்பிட்டு முகத்துக்கு நேரயே சொன்னார்: "நான் என்ட மகளுக்கு உத்தியோகத்தர் எண்டு பேசினனான், மீன்காரன் எண்டு பேசல்ல. திங்கக்கிழம வேலைய ஏற்றா கலியாணம். இல்லாட்டி வேற இடம் பாப்பம்." நீ எழும்பி வந்தாய். மூண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடல்ல. நேத்து, சரி போறன் எண்டுட்டாய். தர்சினிய விட உனக்கு மனமில்ல எண்டு எனக்கு விளங்குது. ஆனா அந்தக் கைய இறக்கினது அதிபர் இல்ல, நான். என்ட பொய்யாலதான் அவருக்கு அந்தக் கதை வந்தது.

அதனாலதான் இண்டைக்குக் காலத்தால நீ காத்தான்குடிக்கு வெளிக்கிட்டோண்ண, நான் அப்பாட்டயும் சொல்லாமப் பாலத்தால கல்லடிக்குப் போனன். அதிபர் வாசல்ல இருந்தார். "அண்ணன், நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்" எண்டு நிண்ட நிலையில சொன்னன். "அது பொழுதுபோக்கு இல்ல. அவன்ட தொழில். இப்ப நாலு பொம்புளைகள் அதில சம்பளம் எடுக்கிறாங்க. அவன் நாளைக்கு உங்கட சொல்லுக்காக வேலைக்குப் போவான், ஆனா அவன் அவனா இருக்க மாட்டான். அப்புடி ஒரு ஆள உங்கட மகளுக்குத் தர எனக்கு விருப்பமில்ல." அவர் நல்லா ஏசினார். வயசுக்கும் மரியாதைக்கும் என்ன ஏச ஏலுமோ அவ்வளவும் ஏசினார். நான் கேட்டுக்கொண்டு நிண்டன். ஏச்சு வாங்க நான் தகுதியான ஆள்தான்.

அப்ப தர்சினி உள்ளுக்கிருந்து வந்திச்சு. கையில சிவப்பு மைப் பேனையும் சோதினைத் தாளும். அவசரமும் இல்ல, அழுகையும் இல்ல. "அப்பா, இந்த வீட்ட எனக்குத்தானே எழுதுறீங்க?" எண்டு கேட்டிச்சு. "ஓம், வேற ஆருக்கு?" எண்டார் அவர். "அப்ப இந்த வீட்டுக்கு ஆர் வாறது எண்டு நான் சொல்லலாம்தானே? எனக்குச் சம்பளம் இருக்கு, பென்சன் இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு அரசாங்கச் சம்பளம் போதும் அப்பா. பின்பக்கம் கிணத்தடியில இடம் இருக்கு, சீமெந்து போட்டு மீன் கழுவுற மேடை கட்டலாம்." பாடசாலையையே ஆட்டிப் படைச்ச மனுசன் கிணத்தடிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தார். "மணக்குமே புள்ள" எண்டார். "மணக்கட்டும்" எண்டிச்சு அது.

என்னக் கேற்றடி வரைக்கும் கொண்டுவந்து விடக்குள்ள சொல்லிச்சு, அதத்தான் நீ நல்லாக் கேக்க வேணும்: "மாமி, அவர் எனக்காக அந்த வேலைக்குப் போறாரெண்டா எனக்கு வேணாம். பொறகு சாகும் வரைக்கும் ரெண்டு பேருக்கும் அது ஒரு கணக்கா நிக்கும். மத்தது, அப்பா இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல. நீங்க வந்தது போதும். அவரை வந்து அவரிட வாயால, நான் மீன்காரன் எண்டு எங்கட அப்பாட்டச் சொல்லச் சொல்லுங்க. அதச் சொல்ல ஏலாதெண்டா, கந்தோருக்கே போகச் சொல்லுங்க."

அதனால மனே, நாளைக்கு நீ எங்க போறாய் எண்டத நீதான் முடிவெடுக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டு நான் பெரிய மனுசி மாதிரி நடுவில நிக்கப் பாத்தன், ஏலாமக் கிடக்கு. வெக்கத்த விட்டுச் சொல்றன். பென்சன் எடுக்கிற, நியமனத்துக்காக நேத்தி வச்ச உன்ட அம்மா சொல்றன். கந்தோருக்குப் போகாத. கல்லடிக்குப் போ. போய் அந்த மனுசனுக்கு முன்னால நிண்டு சொல்லு. அவர் ஏசினா ஏசட்டும், நான் வாங்கிப்போட்டு வந்துட்டன், பாதி ஏச்சுத்தான் மிச்சம் இருக்கும்.

அம்மா